ஓகர் ஒன்றா, கோப்ளின் நாலா: மான்ஸ்டர் சண்டையைச் சமன் செய்வது பற்றிக் கேள்வி பதில்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை நடத்துகிற டி.எம்.கள் (டன்ஜன் மாஸ்டர், மான்ஸ்டர்களை ஆட்டுவிக்கிறவர்) கேட்டவை இவை. கணக்கெல்லாம் 2014 விதிகளின்படி. 2024 திருத்தத்தில் மாறியவற்றில் சிலவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாலு பேர், எல்லாரும் லெவல் 1. முதல் சண்டைக்கு ஒரே ஒரு ஓகர் வைக்கலாம்னு இருக்கேன். நாலு பேரை ஒத்த ஆள் என்ன பண்ணிடும்?

உங்கள் குழுவின் விசார்டை (மந்திரவாதி கேரக்டர்) கொன்றுவிடும், தம்பி. ஓகர் ஒரு முரட்டு ராட்சதன். அதன் தண்டாயுத அடி 2டி8+4, அதாவது இரண்டு எட்டு முகப் பகடை உருட்டி 4 கூட்டுவது, சராசரி 13. உங்கள் விசார்டுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 7 என்று வையுங்கள். 14 விழுந்தால் 7 போய், மீதி 7 நிற்கிறது. அந்த மீதி அவருடைய முழு ஹிட் பாயிண்ட்டைத் தொட்டுவிட்டதால் மயக்கமெல்லாம் கிடையாது, டெத் சேவ் (பிழைக்க உருட்டும் பகடை) கிடையாது, நேரே சாவு. இரண்டு எட்டு முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ 64-க்கு 28 வாய்ப்பு. கிரிட்டிக்கல் (பகடை இரட்டிப்பாகும் அடி) இல்லாத சாதா அடி பட்டாலே நூற்றுக்கு 44 தடவை ஆள் காலி. முதல் நாள், முதல் சண்டை, அரைமணி நேரம் யோசித்துப் பெயர் வைத்த கேரக்டர்!

இப்போது நாலு கோப்ளினை (குட்டிப் பூதங்கள்) பாருங்கள். காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓகர் 450 எக்ஸ்.பி. (மான்ஸ்டரின் மதிப்புப் புள்ளி). நாலு கோப்ளின் 200, எண்ணிக்கைக்காக இரண்டால் பெருக்கினால் 400. உங்கள் நால்வருக்கு 'டெட்லி' (சண்டையின் மிகக் கடினமான படி) தொடங்குவதே 400-ல்தான். ஆனால் மேஜையில் இரண்டும் வேறு வேறு மாதிரி நடக்கும். ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 14 உள்ளவர்கள்மேல் ஓகர் ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக எட்டரை ஹிட் பாயிண்ட் பிடுங்கும். நாலு கோப்ளினும் உயிரோடு இருந்தால் 12 பிடுங்கும். அப்படியென்றால் கோப்ளின்தானே ஆபத்து? முதல் ரவுண்டில் ஆமாம். ஆனால் 7 ஹிட் பாயிண்ட் கோப்ளின் ஒன்று விழுந்ததும் எதிரியின் பலத்தில் கால்வாசி போய்விடுகிறது. ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட். அதில் 58 போனபிறகும் அது அதே 13-ஐத்தான் அடிக்கும், அதுவும் ஒரே ஆள் தலையில்.

முதல் ஆட்டத்துக்கு இரண்டு கோப்ளின் என்றால் 'ஈஸி', மூன்று என்றால் 'ஹார்ட்'. மூன்றாவதைப் புதருக்குப் பின்னால் நிறுத்துங்கள். மற்ற இரண்டும் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அது வெளியே வரட்டும், அல்லது ஓடிப்போகட்டும்.

2024 புத்தகத்தில் அந்தப் பெருக்கல் கிடையாது. அங்கே கோப்ளின் வாரியர் நால்வர் வெறும் 200 எக்ஸ்.பி., நால்வர் கொண்ட லெவல் 1 பார்ட்டிக்கு (ஆட்டக்காரர் குழு) 'லோ', அங்கே மிக எளிய படி. அதே நாலு பேர் ஒரு புத்தகத்தில் 'டெட்லி', இன்னொன்றில் 'லோ'! லெவல் 1, 2 வரைக்கும் நான் பழைய கணக்கைத்தான் நம்புவேன்.

கேள்வி: அப்போ சி.ஆர். (சேலஞ்ச் ரேட்டிங், மான்ஸ்டர் எவ்வளவு கடினம்ங்கற எண்) எண்ணையே நம்பக் கூடாதா?

தொடங்குவதற்கு நம்பலாம். நாலு பேர் கொண்ட பார்ட்டி தன் லெவலுக்குச் சமமான சி.ஆர். மான்ஸ்டர் ஒன்றை யாரும் சாகாமல் வெல்ல முடியும் என்பது அதன் பொருள். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் எங்கே ஏமாற்றும் என்பதும் தெரியும். ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் வைத்துத் தற்காப்புக்கு ஓர் எண், மூன்று ரவுண்டில் சராசரியாக எவ்வளவு அடிக்கும் என்று பார்த்துத் தாக்குதலுக்கு ஓர் எண், இரண்டுக்கும் சராசரி. இந்த வாய்ப்பாட்டில் அடங்காத திறமை எதுவானாலும் அங்கே கணக்கு பிசகும்.

ஷேடோ என்ற நிழல் பேயை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஆர். 1/2, வெறும் 16 ஹிட் பாயிண்ட். ஆனால் பட்ட ஒவ்வோர் அடியும் 1டி4 ஸ்ட்ரெங்த்தை உறிஞ்சும். ஸ்ட்ரெங்த் 0 ஆனால் சாவு. ஸ்ட்ரெங்த் 8 உள்ள விசார்டுக்குக் கெட்ட நேரம் என்றால் இரண்டே அடி, ஹிட் பாயிண்ட் எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி. செத்தவர் தீயவர் இல்லையென்றால் சில மணி நேரத்தில் அவரே புது ஷேடோவாக எழுந்து வருவார். சாதா கத்தி பட்டால் பாதி அடிதான் ஏறும். லெவல் 1 பார்ட்டிமேல் ஷேடோவை விடுகிற டி.எம். ஒன்று புதியவர், இல்லை பழி தீர்ப்பவர்.

அதனால் எண்ணைப் பார்த்த கையோடு கீழே உள்ள வரிகளையும் படியுங்கள். நினைவிழக்க வைப்பது, கட்டிப்போடுவது, ஸ்ட்ரெங்த் மாதிரியான அடிப்படை எண்களைக் குறைப்பது, இவை இருந்தால் அரை லெவல் கூடவே வைத்து எண்ணுங்கள்.

கேள்வி: லெவல் 5, அஞ்சு பேர். வாரக்கணக்கா பில்டப் குடுத்த வில்லன் மந்திரவாதி ஒன்றரை ரவுண்டுல முடிஞ்சான். அடுத்த வில்லனுக்கு ஹிட் பாயிண்ட்டை டபுள் ஆக்கிடவா அக்கா?

வேண்டாம். அவனுக்கு நடந்தது தர்ம அடி. தர்ம அடி வாங்குகிறவன் உடம்பைத் தடியாக்கினால் அடி வாங்கும் நேரம் நீளுமே தவிர, அவன் திருப்பி அடிக்கப் போவதில்லை. குறைச்சல் ஹிட் பாயிண்ட்டில் இல்லை, டர்னில் (அவரவர் முறை). அவர்களுக்கு ஐந்து டர்ன், அவனுக்கு ஒன்று. அந்த ஒன்றையும் 'ஹோல்ட் பர்சன்' (ஆளை உறைய வைக்கும் மந்திரம்) போட்டுப் பிடுங்கிவிடலாம். பிடுங்கியபின் பக்கத்தில் நின்று படுகிற ஒவ்வோர் அடியும் கிரிட்டிக்கல்.

பெரிய டிராகன்களுக்கு விதியே இதற்கு மருந்து தருகிறது. அடல்ட் ரெட் டிராகனுக்கு மூன்று லெஜண்டரி ஆக்‌ஷன், பிறர் டர்ன் முடிகிறபோது இடையில் புகுந்து செய்யலாம். தோற்ற சேவிங் த்ரோவை (தாக்கத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) ஜெயித்ததாக மாற்ற நாளுக்கு மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ். உங்கள் மனித வில்லனுக்கும் சின்ன அளவில் ஒட்டுப்போடுங்கள்: ஒரு ரெசிஸ்டன்ஸ், இரண்டு லெஜண்டரி ஆக்‌ஷன். ஒன்றில் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகிப் போகும்போது விழும் அடி) வாங்காமல் நகரட்டும், இன்னொன்றில் ஒரு கேன்ட்ரிப் (செலவில்லாத சின்ன மந்திரம்) வீசட்டும்.

அடியாட்களும் வேண்டும். 2008-ல் வந்த நாலாம் பதிப்பில் 'மினியன்' என்று ஒரு வகை உண்டு, ஹிட் பாயிண்ட் வெறும் 1. பட்டால் சாவான், படும்வரை அடிப்பான். தயங்காமல் கடன் வாங்குங்கள். பிறகு வில்லனைப் பார்ட்டிக்கு முப்பது அடி முன்னால் வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். மந்திரவாதிக்கு மாடி வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு ஒரு செஷனுக்கு ஒரு சண்டைதான் நேரம். டெட்லியே இவங்களுக்கு ஜுஜுபி.

ஏனென்றால் முழு டேங்கோடு வருகிறார்கள். லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) இரண்டுக்கு நடுவே ஆறிலிருந்து எட்டு நடுத்தரச் சண்டை, இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (குட்டி ஓய்வு) என்று நினைத்துத்தான் 2014 கணக்குப் போடப்பட்டது. லெவல் 5 விசார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) இரண்டுதான். நாள் முழுக்க அவை தாங்க வேண்டும் என்றால் கை நடுங்கும். ஒரே சண்டை என்றால் இரண்டு ஃபயர்பாலும் முதல் பத்து நிமிடத்தில். பாவம், ஷார்ட் ரெஸ்ட்டை நம்பி வாழ்கிற வார்லாக், மாங்க் வகைக் கேரக்டர்கள்தான் இதில் ஏமாளிகள்.

செஷன் முடிந்தால் லாங் ரெஸ்ட் என்று எந்த விதியும் இல்லை. பாக்கி ஹிட் பாயிண்ட், ஸ்லாட் எல்லாவற்றையும் எழுதி வைத்து அடுத்த வாரம் அங்கிருந்தே தொடருங்கள். பயணக் கதையாக இருந்தால் புத்தகத்திலேயே மாற்று விதி ஒன்று உண்டு: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள்.

கேள்வி: ட்ரூயிட் லெவல் 2-லயே கரடியா மாறி தனியா முடிச்சிடறான். மத்தவங்க போன் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

உங்கள் ஆள் மூன் ட்ரூயிட் (மிருகமாக மாறுவதில் தேர்ந்த வகை) என்று தெரிகிறது. பழுப்புக் கரடிக்கு 34 ஹிட் பாயிண்ட், ஒரு ஷார்ட் ரெஸ்ட்டுக்குள் இரண்டு தடவை மாறலாம். பக்கத்தில் நிற்கும் ஃபைட்டருக்கு மொத்தமே சுமார் 20. கோபம் நியாயம்தான். ஆனால் கரடிக்கு ஈடாக மான்ஸ்டரை ஏற்றினால் முதலில் சாவது ஃபைட்டர். லெவல் 5-ல் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி வரும், ட்ரூயிடுக்கோ லெவல் 6 வரை அதே சி.ஆர். 1 மிருகங்கள்தான். அதுவரை கரடியின் எடை தாங்காத ஏணி, பேச வேண்டிய பிணைக்கைதி, இரண்டு பக்கமும் சண்டை என்று வையுங்கள். 2024-ல் இதை வெட்டிவிட்டார்கள்: மூன் ட்ரூயிடுக்கு இப்போது லெவலைப் போல மூன்று மடங்கு தற்காலிக ஹிட் பாயிண்ட் மட்டுமே.

கேள்வி: மறைச்சு உருட்டி டி.எம். பொய் சொல்லலாமா மேடம்?

நான் சொல்ல மாட்டேன். எல்லார் கண்முன்னும் உருட்டுங்கள். மாற்ற வேண்டியதைச் சண்டைக்கு முன்பே மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. ஓகரின் 59 என்பது 7டி10+21-இன் சராசரிதான், 28-லிருந்து 91 வரை எந்த ஓகரும் நியாயமான ஓகர். சண்டை தொடங்கியபின் எண்ணைத் தொடாதீர்கள், மான்ஸ்டரின் ஆசையைத் தொடுங்கள். விழுந்தவனைக் கோப்ளின்கள் பணயமாக இழுத்துப் போகலாம். ஓகருக்குப் பசி என்றால் கோவேறு கழுதை கிடைத்ததும் உங்களை மறந்துவிடும்.

கேள்வி: தோக்கறோம்னு தெரிஞ்சும் எங்க ஆளுங்க ஓட மாட்டேங்கறாங்க.

ஓடினால் தப்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலோருக்கு வேகம் 30 அடி, துரத்துகிறவனுக்கும் பெரும்பாலும் 30 அடி. திரும்பினால் முதுகில் ஓர் அடி வேறு. ஆகவே "ஓடுகிறோம்" என்று எல்லாரும் சொன்ன நொடியில் இனிஷியேட்டிவை (சண்டையில் முறை வரும் வரிசை) நிறுத்திவிட்டுத் துரத்தலாக மாற்றுங்கள். அப்படி மாற்றுவேன் என்று முதலிலேயே சொல்லிவைப்பது முக்கியம். 1981 பேசிக் விதிகளில், ஓடும்போது தின்பண்டத்தையோ பொன்னையோ வீசினால் துரத்துகிறவை நிற்க வாய்ப்பு உண்டு. மான்ஸ்டர்களுக்கும் மொரால் எண் உண்டு: 2டி6 உருட்டி எண்ணைத் தாண்டினால் ஓட்டம். இரண்டையும் என் மேஜையில் வைத்திருக்கிறேன். எதிரி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் நம் ஆட்களுக்கும் ஓடுவது கேவலமில்லை என்று புரிகிறது.

கேள்வி: பாத்ஃபைண்டர் 2-ல இந்தத் தலைவலி இல்லைங்கறாங்களே?

உண்மை. 2019-ல் வந்த அந்த ஆட்டத்தில் நால்வருக்கு 80 எக்ஸ்.பி. 'மாடரேட்', 120 'சிவியர்', 160 'எக்ஸ்ட்ரீம்'. உங்கள் லெவல் மான்ஸ்டர் 40, இரண்டு லெவல் கூட என்றால் 80, நாலு கூட என்றால் 160. இலக்கை 10-ஆல் தாண்டினாலே கிரிட்டிக்கல் என்பதால் உயர்ந்த லெவல் மான்ஸ்டர் தனியாக நின்றே மிரட்டும். விலை: கூட்டல் கழித்தல் அதிகம்.

கேள்வி: லெவல் 4, எல்லாரும் பாதி ரத்தத்துல இருக்காங்க. அடுத்த அறையில பேன்ஷீ (ஓலமிடற பெண் பேய்). எடுத்துடவா?

எடுக்காதீர்கள். அதன் ஓலம் 30 அடிக்குள் கான்ஸ்டிட்யூஷன் சேவ் 13-ல் தோற்றவர்களை நேரே 0-வுக்கு இறக்கும், பாதி ரத்தமோ முழு ரத்தமோ அதற்கு ஒன்றுதான். கதவுக்கு இந்தப் பக்கம் காயமே இல்லாத இரண்டு பிணங்களைப் போடுங்கள், இருவரும் காதைப் பொத்தியபடி. ஓலம் காதில் விழுந்தவர்களை மட்டுமே தாக்கும், வெயிலில் வேலை செய்யாது. மெழுகு தேடுவார்களா, 'சைலன்ஸ்' போடுவார்களா, கூரையைப் பிரிப்பார்களா என்பது அவர்கள் பாடு.