கீமோவோடு கிளினிக்கல் டிரயலிலும் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நெறிக்கட்டிகளில் பரவியிருப்பதால் மூன்றாம் நிலை என்கிறார்கள். அடுத்து கீமோ. அதோடு ஒரு புதிய மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் கிளினிக்கல் டிரயலில் சேர விருப்பமா என்று கேட்டு, ஒரு கனமான படிவத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. மறுத்தால் நல்ல மருந்து கைநழுவிப் போகுமோ என்றும் தோன்றுகிறது. வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட மாட்டார்களே?

பதில்: முதலில் டாக்டரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். "இந்த ஆய்வில் சேராவிட்டால் அப்பாவுக்கு என்ன சிகிச்சை கொடுப்பீர்கள்?" பதிலை மருந்தின் பெயர், எத்தனை மாதம் என்பதோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் படிவத்தில், புதிய மருந்து கிடைக்காத பிரிவினருக்கு என்ன தருவார்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். அங்கே இருப்பது டாக்டர் சொன்னதைவிடக் குறைந்த சிகிச்சை என்றால், ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சர்க்கரை மாத்திரைக்கு வருகிறேன். பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரையைத் தருவது மருத்துவ நெறிக்கு விரோதம். போலி மாத்திரை உண்டென்றாலும் அது வழக்கமான கீமோவுக்கு மேலே, கூடுதலாகத்தான் வரும். புது மருந்தா, போலியா என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். உங்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் டாக்டருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு வழக்கமாகத் தரும் கீமோவே இப்படியொரு ஆய்வில் பிறந்ததுதான். மொசைக் என்ற ஆய்வில் ஆபரேஷன் முடிந்த 2,246 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்ளூரோயூராசில் என்ற பழைய கீமோ மருந்து, மற்றதற்கு அதோடு ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும். 2004இல் முடிவு வெளியானது. மூன்று ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய சிகிச்சையில் நூற்றுக்கு 72.9, புதியதில் 78.2. அந்த ஐந்து சதவீதத்துக்காகத்தான் இன்று உலகம் முழுக்க ஆக்ஸாலிப்ளாட்டின் தருகிறார்கள்.

சரி, அப்படியென்றால் புது மருந்து என்றாலே நல்லதுதானே என்று நினைத்துவிட வேண்டாம். மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இரினோடீக்கன், பெவாசிஸுமாப், செடுக்ஸிமாப் மூன்றும் உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவிவிட்ட நான்காம் நிலையில் பலன் தருபவை. பரவிய நோயிலேயே வேலை செய்யும் மருந்து, ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் கொஞ்ச நஞ்சத்தை அழிக்காதா என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மூன்றுமே தோற்றன. பக்கவிளைவு கூடியது, நோய் திரும்புவது குறையவில்லை. பெவாசிஸுமாப் ஆய்வு ஒன்றில் அதைப் பெற்றவர்களின் ஆயுள் குறையக்கூடும் என்ற அறிகுறிகூடத் தெரிந்தது. அந்த ஆய்வுகளில் குலுக்கலில் "பழைய" பிரிவுக்குப் போனவர்கள் எதையும் இழக்கவில்லை. எது நல்லது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆய்வே தேவையில்லை. "இது நிச்சயம் கேட்கும், அதனால் சேருங்கள்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைச் சந்தேகப்படுங்கள்.

கூட்டுவதற்கு மட்டுமல்ல, மருந்தைக் குறைப்பதற்கும் ஆய்வு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அப்படிப்பட்ட ஒன்றுதான். ஆக்ஸாலிப்ளாட்டின் நரம்பைத் தாக்கும். விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாது, காலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது, சிலருக்கு அது வருடக்கணக்கில் போகாது. ஆறு மாதம் கட்டாயம் வேண்டுமா, மூன்று மாதம் போதாதா என்று ஆறு ஆய்வுகளின் 12,834 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐடியா என்று பெயர், 2018இல் வெளியானது. மூன்று ஆண்டு கழித்து நோயில்லாமல் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் 75.5 சதவீதம், மூன்று மாதத்தில் 74.6. ஓரளவுக்கு மேல் நரம்புத் தொல்லை வந்தவர்கள் ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதிப் பேர், மூன்று மாதத்தில் ஆறு ஏழு பேரில் ஒருவர். எல்லோரையும் மொத்தமாக எடுத்தால் இரண்டும் சமம் என்று புள்ளியியல் விதிப்படி நிரூபணமாகவில்லை. ஆனால் கட்டி குடலின் வெளி உறையைத் துளைக்காமல், பக்கத்து உறுப்புகளுக்குள் போகாமல், ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டிகளில் மட்டும் பரவியிருந்தவர்களுக்கு, கேப்சிடபைன் மாத்திரையோடு ஆக்ஸாலிப்ளாட்டின் தந்தபோது மூன்று மாதமே போதுமானதாக இருந்தது. அப்பாவுக்கு இரண்டு நெறிக்கட்டிதான் என்கிறீர்கள். அவர் இந்த வகையில் வருவாரா என்று, டிரயலில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கட்டியின் பயாப்சி அறிக்கை. அதில் எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ என்ற சோதனை முடிவு இருக்கிறதா பாருங்கள். செல்லுக்குள் மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. பெருங்குடல் கட்டிகளில் ஏழில் ஒன்றுபோல அந்தப் புரதம் இல்லாமல் இருக்கும். அந்த வகைக் கட்டிகளில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. பரவிய நோயில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து நோயைக் கட்டுக்குள் வைத்த காலம் 16.5 மாதம், கீமோ 8.2 மாதம். மூன்றாம் நிலையில் கீமோவோடு அடெசோலிசுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்த அட்டாமிக் ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. மூன்று ஆண்டில் நோயில்லாமல் இருந்தவர்கள் கீமோ மட்டும் என்றால் 76.6 சதவீதம், இரண்டும் சேர்ந்தால் 86.4. அப்பாவின் கட்டி இந்த வகை என்றால், உங்களுக்குக் கொடுத்திருக்கும் டிரயல் அவருக்குப் பொருத்தமானதுதானா என்பதே வேறு கேள்வி ஆகிவிடும். இந்தச் சோதனை முடிவு கையில் இல்லாமல் எதிலும் சேர்க்க வேண்டாம். சில சமயம் இந்தப் புரதக் குறை பரம்பரையாக வருவது, உங்களுக்கும் உங்கள் உடன்பிறப்புகளுக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி தேவைப்படலாம்.

படிவத்தில் டிரயல் எத்தனையாவது கட்டம் என்றும் பாருங்கள். முதல் கட்டம் மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பது. குணமாகும் வாய்ப்புள்ள உங்கள் அப்பாவுக்குப் பொதுவாக அது ஏற்றதல்ல. மூன்றாம் கட்டம் என்றால் வழக்கமான சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிடுகிறார்கள். கூடுதல் ஸ்கேன், பயாப்சி எத்தனை, செலவு யாருடையது, மருந்தால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சை யார் பொறுப்பு, இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை தொடரும் என்ற வரியும் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் உங்கள் பயம் இருக்கிறது, அப்பா என்ன நினைக்கிறார் என்பது இல்லை. கையெழுத்து அவருடையது. நோயைப் பற்றி முழுதாகத் தெரியாத ஒருவரிடம் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது. அடுத்த முறை அவரையும் உள்ளே அழைத்துப்போங்கள், அவருக்குப் புரியும் மொழியில் டாக்டரே அவரிடம் பேசட்டும்.

நாளைத் தள்ள வேண்டாம். ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்கிவிடுவது நல்லது, மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. டிரயலுக்கான ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குலுக்கல் எல்லாம் எந்தத் தேதிக்குள் முடியும் என்று இந்த வாரமே கேளுங்கள். எட்டு வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், டிரயலை விட்டுவிட்டு வழக்கமான கீமோவைத் தொடங்கச் சொல்லுங்கள்.