நேற்று வரை திறந்த இசட் டிரைவ்

புது விண்டோஸ், பழைய விண்டோஸ், மேக் எல்லாம் ஒரே நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியே எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி) கை வைக்கும் இடங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி: விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 அப்டேட் ஆன மறுநாளே ஆபீஸ் நாஸ் திறக்கவில்லை. பக்கத்து சீட்டு விண்டோஸ் 10-இல் ஜம்மென்று திறக்கிறது. பெட்டி போய்விட்டதா?

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. 24எச்2-இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு கதவுகளைச் சாத்திவிட்டது. விண்டோஸும் நாஸும் ஃபைல் பகிரப் பேசும் பாஷைக்கு எஸ்எம்பி என்று பெயர். இனி ஒவ்வொரு எஸ்எம்பி தகவலிலும் டிஜிட்டல் கையெழுத்து இருந்தாக வேண்டும், அதாவது சைனிங் கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாக நுழைவதும் கிடையாது. எர்ரரில் ‘கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர்’ என்று வந்தால் முதலாவது. ‘கெஸ்ட் ஆக்சஸ்’ என்று வந்தால் இரண்டாவது.

இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. கையெழுத்துப் போடும் சாவி பாஸ்வேர்டை வைத்து நடக்கும் லாகினிலிருந்துதான் கிடைக்கிறது. கெஸ்டுக்கு ஏது பாஸ்வேர்டு? ஆகவே நாஸில் ஆளுக்கொரு யூசர் உருவாக்குங்கள், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், சைனிங்கை ஆன் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் இதை அணைக்க வழி உண்டு. ஆனால் பெட்டி பழசு என்பதற்காகப் புது கம்ப்யூட்டரின் பூட்டை ஏன் கழற்ற வேண்டும்?

கேள்வி: யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் சரி. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

நீங்கள் போடுவது பின் நம்பரா? அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. அது இல்லையென்றால் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் உட்கார்ந்திருக்கும் பழைய பாஸ்வேர்டை அழியுங்கள். எர்ரர் 1219 வந்தால், அதே சர்வருக்கு வேறொரு யூசர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. அதைத் துண்டித்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

கேள்வி: எங்கள் கட்டிங் மெஷின் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். புது நாஸ் அதற்குத் தெரியவே இல்லை.

எக்ஸ்பிக்குத் தெரிந்த பாஷை எஸ்எம்பி 1 மட்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். லினக்ஸில் ஃபைல் பகிரும் மென்பொருளான சாம்பாவில், 2019-இல் வந்த 4.11 முதல் எஸ்எம்பி 1 அணைத்தே வருகிறது. நாஸில் அதைத் திறந்துவிட்டால் வேலை நடக்கும், ஆனால் உங்கள் கணக்கு வழக்கெல்லாம் அதே பெட்டியில்தானே இருக்கிறது?

நான் செய்வது இது: பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ், இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒரு பக்கம் எக்ஸ்பி மட்டும், மறுபக்கம் ஆபீஸ். நடுவில் டிசைன் ஃபைல்களுக்கு ஒரே ஒரு போல்டர். எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கிடையாது. இதற்கப்புறமும் லாகின் மறுக்கப்பட்டால், எக்ஸ்பியின் செக்யூரிட்டி பாலிசியில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையாக என்டிஎல்எம்வி2-ஐத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது.

கேள்வி: பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நாஸுக்கு நகலெடுத்தேன். இப்போது ‘கோவில்’ என்று இரண்டு போல்டர். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை!

கண்ணுக்கு மாறவில்லை, அவ்வளவுதான். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாக. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸில் தட்டினால் சேர்ந்தே வரும். லினக்ஸில் ஓடும் நாஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் மூன்றிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆங்கிலப் பெயர் வைப்பவர்கள் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். நாஸில், பெயர்களின் குறியீட்டை மாற்றும் ‘கான்வ்எம்வி’ கருவியை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது சேர்ந்த வடிவத்துக்கு, ஓட்டுங்கள். முதலில் சோதனை ஓட்டம்தான் காட்டும், பட்டியலைப் பார்த்துவிட்டு நிஜமாக மாற்றுங்கள்.

கேள்வி: ஐபி முகவரி போட்டால் திறக்கிறது, ‘நெட்வொர்க்’ பக்கத்தில் காணோம்.

அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொண்டிருந்ததே எஸ்எம்பி 1 காலத்து ஏற்பாடு. காணாமல் போனால் போகட்டும். ரவுட்டரில் நாஸுக்கு ஒரே ஐபியை ஒதுக்கி, அதையே இசட் டிரைவாக மேப் செய்துகொள்ளுங்கள்.