என் மகனின் படத்தை எங்களிடம் கேட்காமல் ஒரு செய்தித்தளம் வெளியிட்டிருக்கிறது. இது அவதூறா? நாங்கள் என்ன செய்யலாம்?

ஏழாம் தரத்தில் படிக்கும் பன்னிரண்டு வயது மகன். காய்ச்சலோடு வீட்டில் நின்றவனைப் படம் எடுத்து, 'பசியால் பாடசாலையைக் கைவிட்ட வன்னிச் சிறுவன்' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பு பொய் என்பது ஒரு முறைப்பாடு. பிள்ளையின் படத்தை வெளியிட்டது இன்னொரு முறைப்பாடு. இரண்டையும் பிரித்தே கையாளுங்கள்.

முதலில் அவதூறு. இலங்கையில் அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டுவிட்டன. எனவே அவதூறு என்று பொலிசுக்குப் போனால், 'இது சிவில் விடயம்' என்று திருப்பி அனுப்புவார்கள். மகன் சார்பில் நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். நம் நாட்டு அவதூறுச் சட்டத்தில், எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் வெளியிட்டவர் தப்ப முடியாது. அதை வெளியிட்டதால் பொதுநன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். உங்கள் விடயத்தில் எழுதியதே உண்மையில்லை. ஆனால் வழக்கு தவணை தவணையாக இழுபடும், செலவும் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழிகாட்டும். படம் உடனே அகல வேண்டுமென்றால் அந்தரங்க உரிமையின் வழியே போங்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் செய்தி எழுதுகிறவன். 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த உதவிகள் பலவற்றுடன் கமராவும் வந்தது. வெளிநாட்டில் பணம் தந்தவருக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பதற்காக, பாடசாலைப் பையைக் கையில் கொடுத்துப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். கண்ணை மறைத்துக் கறுப்புக் கோடு போட்டுவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கழுத்துப்பட்டியின் நிறம் பாடசாலையைச் சொல்லிவிடும். பின்னால் தெரியும் கிணறும் அரைச்சுவர் வீடும் வளவைச் சொல்லிவிடும். போதாததற்கு 'தந்தையை இழந்த, தாய் கூலி வேலை செய்யும்' என்று ஊர்ப் பெயரோடு எழுதியும் விடுகிறார்கள். நூறு வீடுகள் உள்ள ஊரில் இது யாருடைய பிள்ளை என்று தெரியாமல் போக யாருக்கு முடியும்? மறுநாள் வகுப்பில் அந்தத் தலைப்பையே பட்டப்பெயராக்கிக் கூப்பிடுவார்கள். அதைத் தாங்கப்போவது எழுதியவர் இல்லை.

'தாயின் சம்மதம் வாங்கினோம்' என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. அரிசிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? உங்களிடம் அதைக்கூடக் கேட்கவில்லை.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தையும் நற்பெயரையும் சேர்த்தே காக்கச் சொல்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும்படி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படியே குற்றம். அப்படிப்பட்ட செய்தியானால் பொலிசுக்கே போகலாம்.

இன்றே பக்கத்தின் முகவரியும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அவர்கள் அழித்துவிட்டால் பிறகு கையில் ஒன்றும் இருக்காது. பிறகு படத்தை அகற்றும்படி ஆசிரியருக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சண்டை வேண்டாம். அந்தத் தளத்தின் முகநூல் பக்கத்திலும் படம் இருந்தால், பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படத்தை அகற்றும்படி பெற்றோர் நேரடியாக முகநூலிடம் கேட்க வழி உண்டு. அசையவில்லையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அச்சுப் பத்திரிகையிலும் வந்திருந்தால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

உறவினர்கள் கோபத்தில் அந்தச் செய்தியைப் பகிர்ந்து திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகிர்வும் மகனின் முகத்தை இன்னும் நாலு பேரிடம் கொண்டுபோகிறது. ஆசிரியர் மறுப்பு வெளியிடச் சம்மதித்தால், அதில் அதே படத்தை மறுபடியும் போடக்கூடாது, மகனின் பெயரும் வரக்கூடாது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.