நோட்டுப் போட்டோவும் ராத்திரிச் சாப்பாடும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. இருவரும் ஒரே தனியார் பள்ளி. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடியது, இந்த 2021 ஜூலை வரை அவர்களுக்குத் திறக்கவில்லை. நான் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மகளுக்குக் காலை 9 மணி முதல் பன்னிரண்டரை வரை ஆன்லைன் வகுப்பு. நான் பக்கத்தில் உட்காராவிட்டால் வீடியோவை நிறுத்திவிட்டுப் படம் வரைகிறாள். மதியத்துக்கு மேல் ஒர்க் ஷீட். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். முன்பெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து உட்காருவோம். இப்போது அந்த நேரத்தில்தான் சண்டை. மகன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான். கணவர் வர ஒன்பதாகிவிடும். மாமியார் பேத்தியைக் கூப்பிட்டால்கூட, "அவளுக்குப் படிக்கிறது இருக்குங்க அத்தை" என்று நானே தடுத்துவிடுகிறேன். நாள் முழுக்க ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆனாலும் பிள்ளைகளோடு இருந்த மாதிரியே இல்லை. படிப்பை விட்டால் பின்தங்கிவிடுவார்களோ என்று பயம். எதை விடுவது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் விட வேண்டியது அந்த எட்டு மணி போட்டோவை.

அது எப்படி நடக்கும் என்று பல வீடுகளில் பார்த்துவிட்டேன். குழந்தை களைத்துப்போயிருக்கும். அம்மா பதிலைச் சொல்லச் சொல்ல எழுதும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் பக்கம் பளபளக்கும், நிழல் விழும், திரும்ப எடுப்பார்கள். அனுப்பியதும் குழுவில் நாற்பது பேரின் நோட்டுகளோடு அதுவும் போய்ச் சேரும். அந்தப் பக்கம் டீச்சர் தன் வீட்டில் சமையலை முடித்துவிட்டுப் பதினொரு மணி வரை ஃபோனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்துகிறார். இதில் உங்கள் மகள் கற்றது என்ன? சொல்வதைக் கேட்டு எழுதினாள், அவ்வளவுதான். அதற்காக ஒரு குடும்பத்தின் ராத்திரிச் சாப்பாட்டைக் கொடுக்கலாமா? எனக்கு இதில் கோபமே வருகிறது.

அடுத்தது அந்த மூன்றரை மணி நேர வகுப்பு. 2020 ஜூலையில் மத்திய கல்வித் துறை 'பிரக்யாதா' என்ற பெயரில் ஆன்லைன் வகுப்புகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம்தான் என்று அதில் இருக்கிறது. உங்கள் மகள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உட்காருகிறாள். அவள் படம் வரைவது அடங்காத்தனம் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

1937 செப்டம்பரில் சிகாகோவில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பள்ளி திறப்பதைச் சுமார் மூன்று வாரம் தள்ளிப்போட்டு, வானொலியில் பாடம் நடத்தினார்கள். ஒரு பாடம் பதினைந்து நிமிடம். அன்றைய பாடக்குறிப்பு காலையில் நாளிதழில் வந்துவிடும். பிள்ளை அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கும். முகம் பார்க்காத ஆசிரியரின் குரலைக் குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, பின்தங்கும் பயத்துக்கு வருகிறேன். யாருக்குப் பின்னால்? தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை ஒரு பிள்ளையும் பதினாறு மாதமாக வகுப்பறையில் உட்காரவில்லை. இழப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதிலும் இரண்டாம் வகுப்போடு நின்றுபோன உங்கள் மகள் வயதுக்காரர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சரளமாக வாசிக்கப் பழகும் வயது அது. அதனால் அவளுக்கு இரண்டே இரண்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: வாசிப்பும் கணக்கும். தினமும் சத்தமாக ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல், வகுத்தல். காலையில் தலை தெளிவாக இருக்கும்போது ஒரு மணி நேரம் போதும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் விடுபட்டதைப் பள்ளி திறந்ததும் பிடித்துவிடலாம். வாசிக்கத் தடுமாறினால் எந்தப் பாடத்தையும் பிடிக்க முடியாது.

அந்தத் தமிழ்ப் பக்கத்தை உங்களிடம் வாசிக்க வேண்டாம், அத்தையிடம் வாசிக்கட்டும். செய்தித்தாளில் அவருக்குப் பிடித்த செய்தியாக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தை தப்பாக வாசித்தால் பாட்டிக்குப் பொருள் புரியாது, "என்ன கண்ணு சொன்னே?" என்பார், அவளே திருத்திக்கொள்வாள். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் பாடமாக்கிவிடாதீர்கள். பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆடினால் ஆடட்டும். நடுவில் போய், "நாலும் ஏழும் எத்தனை?" என்று கேட்டால் அப்புறம் அந்தப் பலகைப் பக்கமே அவள் வரமாட்டாள்.

மகன் கதை வேறு. ஆறாம் வகுப்பில் கடைசியாக நண்பர்களோடு இருந்த பையன் இப்போது எட்டாம் வகுப்பு. குரல் மாறுகிற வயசு, கூடப் பேச ஆள் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவனிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள், ஒரு மாதத்துக்காவது. வகுப்புக்குப் போவதும் குறிப்பு எழுதுவதும் அவன் பொறுப்பு. சாயங்காலம் நண்பர்களோடு ஃபோனில் பேச நேரம் கொடுங்கள், அதை "செல்லு நோண்டுறான்" கணக்கில் சேர்க்காதீர்கள். தங்கைக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையை அவன் தலையில் கட்டாதீர்கள். அவனாகச் சொல்லித்தந்தால் சந்தோஷம்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே வரியில் வந்து போய்விடுகிறார். ஒன்பது மணிக்கு வருகிறவர் களைப்பாகத்தான் இருப்பார், எனக்கும் புரிகிறது. ஆனால் ஞாயிறு இருக்கிறது. மகனின் இயற்கணிதத்தை ஞாயிறு காலையில் அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புத்தகத்திலிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து இருவருமாக வீடியோ பார்க்கலாம். வீட்டில் ஒருவர் மட்டுமே சம்பளத்துக்கும் உழைத்து, சமைத்து, வாத்தியாராகவும் இருந்தால் அந்த ஒருவர் எரிந்து விழாமல் என்ன செய்வார்? சண்டைக்குக் காரணம் உங்கள் குணம் இல்லை.

பள்ளியிடம் தனியாகப் போகாதீர்கள். உங்கள் பிள்ளை மட்டும்தான் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்காம் வகுப்புப் பெற்றோர் ஐந்தாறு பேர் சேர்ந்து முதல்வருக்கு எழுதுங்கள். வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, சின்ன வகுப்புகளுக்கு இரண்டு வகுப்பு போதும், நோட்டுகளை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று கேளுங்கள். டீச்சர்களின் சுமையும் குறையும் என்பதை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.