‘யானையைப் பார்த்துவிட்டேன்’ என்று அமெரிக்கர்கள் எதைச் சொன்னார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த ஒரு சிப்பாய் தன் வீட்டுக்கு ‘நான் யானையைப் பார்த்துவிட்டேன்’ என்று எழுதியதைப் படித்துவிட்டு, போர்க்களத்துக்கு யானை எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். யானை எதுவும் வரவில்லை. முதன்முறையாகக் குண்டு மழையில் நின்றதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

கோயில் வாசலில் யானை பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தொடர் எளிதில் பிடிபடாது. அந்தக் காலத்து அமெரிக்கக் குடியானவருக்கு யானை என்பது காதால் மட்டும் கேட்ட அதிசயம். 1796இல்தான் நியூயார்க்கில் ஒரு யானை வந்து இறங்கியது. அதுவும் வங்காளத்து யானை! மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் துறைமுகத்தைச் சேர்ந்த ஜேக்கப் கிரௌனின்ஷீல்ட் என்ற கப்பல் தலைவர் 450 டாலர் கொடுத்து வாங்கிய இரண்டு வயதுக் குட்டி அது. பிறகு ஊர் ஊராக யானையைக் கூட்டிச் சென்று, கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவது ஒரு தொழிலாகவே ஆனது. யானையைப் பார்த்தவருக்கு உலகத்தில் பார்க்க வேறென்ன மிச்சம் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது.

இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். ஒரு விவசாயி முட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறார். எதிரே சர்க்கஸ் ஊர்வலம். யானையைக் கண்டு குதிரை மிரள, வண்டி குடைசாய்ந்து முட்டைகள் அத்தனையும் நொறுங்குகின்றன. ‘போனால் போகட்டும், யானையைப் பார்த்துவிட்டேன்’ என்கிறார் அவர். நடந்த நிகழ்ச்சி என்று இதை நான் நம்பவில்லை. ஆனால் தொடரின் உயிர் இந்தக் கதையில்தான் இருக்கிறது: பார்த்ததற்கு அவர் கொடுத்த விலை.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். மாதக் கணக்கில் பயணம். வழியெல்லாம் காலரா. புறப்படும்போது ‘யானையைப் பார்க்கப் போகிறோம்’ என்றார்கள். பாதி வழியில் மனம் உடைந்து திரும்பியவர்களோ, யானையின் வாலைப் பார்த்ததே போதும் என்றார்கள். ஆசையும் கசப்பும் இப்படி ஒரே தொடருக்குள் சேர்ந்திருப்பது என்னை மிகவும் ஈர்க்கிறது.

இதை ‘உலக அனுபவம் பெற்றேன்’ என்று தமிழில் எழுதினால் சப்பென்று ஆகிவிடும். ‘நாலு ஊர்த் தண்ணீர் குடித்தவன்’ என்பதில் சாமர்த்தியம் தெரிகிறது, இழப்பு தெரியவில்லை. நம்மிடம் இருக்கும் சரியான சொல் ‘பட்டறிவு’. பட்ட அடி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் மொழிபெயர்த்தால், யானையை விடாமல், ‘யானையைப் பார்த்துவிட்டேன் அம்மா, பட்டுத் தெரிந்துகொண்டேன்’ என்றே எழுதுவேன்.