தாய்லாந்தின் தாய் மக்களும் அவர்கள் மன்னர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திருச்சி வாசகர்: ஐயா, தாய் மக்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்களா, வெளியிலிருந்து வந்தவர்களா?

தெற்குச் சீனத்தின் குவாங்சி, வட வியட்நாம் பக்கமிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவர்கள். படையெடுத்து ஒரேயடியாக வரவில்லை. நெல் விளையும் தாழ்நிலம் கிடைத்த இடத்தில் தங்கி, அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், இப்படியே பல நூறு ஆண்டுகள் ஆயின. லாவோஸ் மக்களும் பர்மாவின் ஷான்களும் அசாமை ஆண்ட அகோம்களும் மொழியால் இவர்களுக்குச் சொந்தக்காரர்கள். சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியில் முன்பே மோன், கெமர் மக்கள் இருந்தார்கள். அரண்மனைச் சடங்குகளைப் பெரும்பாலும் கெமர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பௌத்தம் மோன்களிடமிருந்தும், பின்னர் இலங்கையிலிருந்தும் வந்தது.

கோவை வாசகி: சுகோதாய் காலத்திலிருந்து ஒரே அரச வம்சம்தான் ஆள்கிறதா சார்?

இல்லை. தாய் மக்களின் தொடக்க கால அரசான சுகோதாய் 13ஆம் நூற்றாண்டு. 1351இல் தொடங்கிய அயுத்தயா அரசில் மட்டும் ஐந்து வம்சங்கள் மாறி மாறி ஆண்டன. 1767இல் பர்மியர்கள் அயுத்தயாவை எரித்து அழித்தார்கள். சீனத் தந்தைக்குப் பிறந்த தளபதி தக்சின், தொன்புரியைத் தலைநகராக்கி நாட்டை மீட்டார். 1782இல் அவரை வீழ்த்திக் கொன்ற பிறகு அரியணை ஏறியவர் முதலாம் ராமா. இன்றைய சக்ரி வம்சமும் பாங்காக் தலைநகரமும் அந்த ஆண்டில் தொடங்கியவை. தக்சினுக்கு வரலாற்றில் கிடைத்த இடம் அவர் செய்ததற்குப் போதாது என்பது என் கருத்து.

சேலம் வாசகர்: சுற்றிலும் எல்லா நாடும் ஐரோப்பியரிடம் போனபோது சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மட்டும் எப்படித் தப்பியது? மன்னர்களின் ராஜதந்திரமா?

ராஜதந்திரம் பாதி, நாடு இருந்த இடம் மீதி. மேற்கே பர்மாவில் பிரிட்டன், கிழக்கே இந்தோசீனாவில் பிரான்ஸ். இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள விரும்பவில்லை. 1896இல் சாவோ பிரயா சமவெளியைத் தொடுவதில்லை என்று இருவரும் தங்களுக்குள் பேசி முடித்தார்கள்.

ஆனால் தப்பியதற்கான விலை பெரியது. 1855இல் மன்னர் மோங்குட் பிரிட்டனோடு கையெழுத்திட்ட பௌரிங் ஒப்பந்தப்படி இறக்குமதி வரி வெறும் 3 சதவீதம்; பிரிட்டிஷ் குடிமக்களைச் சயாம் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அவர் மகன் சுலலாங்கோர்ன் காலத்தில், 1893 ஜூலையில், பிரெஞ்சுப் பீரங்கிப் படகுகள் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பாக்நாம் கோட்டையைத் தாண்டி பாங்காக்கிலேயே வந்து நின்றன. மேகாங் ஆற்றின் இடக்கரை பிரான்சுக்குப் போயிற்று. 1907இல் இன்றைய கம்போடியாவின் சியாம் ரீப், பட்டம்பாங் பகுதிகள் பிரான்சுக்கு. 1909இல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் பிரிட்டனுக்கு.

இதே சுலலாங்கோர்ன்தான் அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்து 1905இல் முடித்துவைத்தார். வடக்கே சியாங் மாய், தெற்கே பட்டாணி போன்ற இடங்களின் பரம்பரை ஆட்சியாளர்களை ஓரங்கட்டி பாங்காக் அதிகாரிகளை உட்கார வைத்தவரும் அவரே. பட்டாணி மலாய் முஸ்லிம்களிடம் 'நாங்கள் யாருக்கும் அடிமைப்பட்டதில்லை' என்று தாய்லாந்துக்காரர்கள் பெருமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா? தெற்கில் இன்றுவரை ஓயாத வன்முறையின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

கும்பகோணம் வாசகர்: அரண்மனைச் சடங்கில் திருவெம்பாவை பாடுகிறார்கள் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை. அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். உச்சரிப்பு மாறி, பொருள் தெரியாத மந்திரமாகிவிட்டன. மார்கழி, தையை ஒட்டி வரும் அந்தச் சடங்கில் முன்பு பெரிய ஊஞ்சலும் உண்டு. வாட் சுதாட் கோயில் எதிரே 20 மீட்டருக்கு மேல் உயரமான சிவப்புத் தேக்குக் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. ஊஞ்சலில் நின்று வீசி ஆடி, மூங்கில் கழி நுனியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டியிருந்தது. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது.

மதுரை வாசகி: 1932 புரட்சிக்குப் பிறகும் மன்னருக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி?

1932 ஜூன் 24 அன்று ராணுவத்தினரும் அரசு அதிகாரிகளும் அடங்கிய சிறு குழு, பெரிய ரத்தக்களறி இல்லாமல் முழு முடியாட்சியை முடித்துவைத்தது. ஏழாம் ராமா 1935இல் முடி துறந்தார். பிறகு இருபது ஆண்டுகள் அரண்மனை அடங்கித்தான் கிடந்தது. 1957இல் ஆட்சியைப் பிடித்த தளபதி சரித், தன் ஆட்சிக்கு ஒரு நியாயம் தேடி மன்னரை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒன்பதாம் ராமா பூமிபோல் ஊர் ஊராகப் போனார். பாசனம், பயிர்த் திட்டங்கள் என்று மக்களோடு நின்றார். 2016 வரை 70 ஆண்டுகள். அந்த அன்பு பொய்யில்லை. அதைக் காக்கும் சட்டமும் கடுமையானது.

சென்னை வாசகர்: அது என்ன சட்டம்?

குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவு. மன்னர், அரசி, பட்டத்து வாரிசு, அரசப் பிரதிநிதி ஆகியோரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. 2020இல் மாணவர்கள் தெருவில் இறங்கி அரச குடும்பத்தின் அதிகாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பலர் இந்தப் பிரிவில் வழக்கில் சிக்கினார்கள். வரலாறு எழுதுபவர்களுக்கும் இது தடைதான். பூமிபோலின் அண்ணனும் அவருக்கு முந்தைய மன்னருமான ஆனந்த மகிதோல் 1946 ஜூன் 9 அன்று அரண்மனைப் படுக்கையில் தலையில் குண்டடிபட்டு இறந்தார். அரண்மனைப் பணியாளர் இருவருக்கும் செயலர் ஒருவருக்கும் 1955இல் மரண தண்டனை நிறைவேறியது. அவர்கள்தான் செய்தார்கள் என்று நம்பும் ஆய்வாளர்கள் மிகக் குறைவு. அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு அதைப் பற்றி வெளிப்படையாக ஆராய இன்றும் வழியில்லை.