காலிமுகத்திடலில் காசு எங்கே போகிறது?

கேள்வி (புதுக்குடியிருப்பு): விடுமுறைக்கு மூன்று பிள்ளைகளோடு இரவு பஸ்ஸில் கொழும்பு போய்க் காலிமுகத்திடல் பார்க்க எண்ணுகிறோம். போய்வந்த அயலவர்கள் கையைக் கடித்துவிட்டது என்கிறார்கள். அங்கே எதற்கெல்லாம் காசு கட்ட வேண்டும்?

பதில்: திடலுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 1859இல் அதை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். கையைக் கடிப்பது விலை கேட்காமல் வாங்கும் சாமான்கள்தான்.

முதலில் ஓட்டோ. புறக்கோட்டையிலிருந்து திடல் இரண்டு கிலோமீற்றர் அளவில்தான். மீற்றர் போடாத ஓட்டோவில் ஏறாதீர்கள். ஒன்றில் மூன்று பேரைத்தான் ஏற்றலாம் என்பதால் உங்களுக்கு இரண்டு தேவைப்படும். காலி வீதியால் போகும் 100, 101 பஸ்கள் திடலருகே இறக்கிவிடும், அதுவே மலிவு.

இரவு பஸ் விடியப்புறம் போய்ச் சேரும். வடைக் கடைகளோ பின்னேரம்தான் களைகட்டும், நடுப்பகலில் திடலில் ஒதுங்க நிழலும் இல்லை. காலையில் கடற்காற்று வாங்கிவிட்டு, வெயில் ஏற முன் புறக்கோட்டைக்குத் திரும்பி, 138 பஸ்ஸில் ஏறிப் பொது நூலகத்தடியில் இறங்குங்கள். விக்டோரியா பூங்கா என்றிருந்த விகாரமகாதேவி பூங்கா அங்கேதான். நல்ல மரநிழல், பிள்ளைகள் விளையாட இடம் உண்டு. அருகில் 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். வெயில் தாழத் திடலுக்குத் திரும்பலாம்.

பட்டம் வாங்கும்போது நூலும் சேர்த்த விலையா என்று கேளுங்கள். முச்சையில், அதாவது பறக்கவிடும் நூலைத் தொடுக்கும் கட்டில், பிடித்துத் தூக்கினால் இரண்டு செட்டையும் சமனாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் அது சுழன்றுதான் விழும். ஊரில் தைப்பொங்கலோடு வாடைக்கு ஏற்றிப் பழகிய பிள்ளைகள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் கடலிலிருந்து வீசும், பட்டம் காலி வீதிப் பக்கமே இழுபடும். கடற்கரைச் சுவரோரம் நின்று நூலைக் குறைத்து விடுங்கள். பட்டத்தின் பின்னால் வீதிக்கு ஓடுவதுதான் பெரிய ஆபத்து.

இறால் வடையை ஒன்று என்ன விலை, தட்டு என்ன விலை என்று பிரித்துக் கேளுங்கள். குவித்து வைத்ததை மறுபடி எண்ணெயில் காட்டித் தருவதும் உண்டு. அப்படியானது எண்ணெய் குடித்துக் கனக்கும். கண்முன் பொரித்ததையே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு உறைப்புச் சாறு ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி (மாங்குளம்): தண்ணீர்ப் போத்தலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால்?

பதில்: அது குற்றம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத் தடுக்கிறது. பற்றுச்சீட்டு கேளுங்கள், போத்தலின் விலை தெரியும்படியும் கடை தெரியும்படியும் படம் எடுங்கள், நேரத்தைக் குறித்து 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள். வடைக்கு அச்சிட்ட விலை இல்லை. அதற்கு முதலே கேட்பதுதான் வழி.

கேள்வி (வவுனியா): திடலடியில் பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா?

பதில்: வேண்டாம். கல்லும் இழுவையும் உள்ள கடல். கால் நனைப்பதென்றாலும் கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.